கோணல் கருவேலமும் வண்டிச் சக்கரமும்

பறவைகள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. காது கொடுத்துக் கேட்கத்தான் மனிதர்களுக்கு நேரமில்லை.

அப்போது ஏரிக்கரையில் ஒரு கருவேல மரம் இருந்தது. நேராக வளர்வது அதற்குப் பிடிக்கவே பிடிக்காது. நாலு பக்கமும் கோணல், உடம்பெல்லாம் கணு. ஒருநாள் பெருங்காற்றில் அது சாய்ந்தது. "ஒரு பலகைகூடத் தேறாது, சூளைக்குத்தான் லாயக்கு" என்றது ஊர். துண்டு போடத் தச்சர் கொம்பையா வந்தார். ரம்பத்தின் மறுமுனையைப் பிடிக்க அவர் மனைவி இசக்கியும் வந்தாள்.

ரம்பத்தை வைத்த இடத்திலேயே ஒரு மரங்கொத்தி வந்து உட்கார்ந்தது.

"அறுக்காதீங்க ஐயா. எம் பிள்ளைங்க உள்ள இருக்கு."

"எந்த இடத்துல?"

"மரம் புரண்டதுல பொந்து வாசல் மண்ணுக்குள்ள போயிடுச்சு. எனக்கே அடையாளம் தெரியல."

பாவம், அது பதறிப்போய் மரத்தை அலகால் தட்டிக்கொண்டே ஓடியது. ணங், ணங் என்றது மரம். ஓரிடத்தில் மட்டும் டொக் என்றது. உள்ளேயிருந்து 'கீச்' என்று பதில் வந்தது.

கொம்பையாவும் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். "கேட்டியா புள்ள, பொந்துக்கு ஒரு சத்தம், கெட்டி மரத்துக்கு ஒரு சத்தம்."

பொந்துக்கு இரண்டு பக்கமும் தள்ளி அறுத்து, வாசல் மேலே வரும்படி துண்டைப் புரட்டினார்கள். மூன்று குஞ்சுகளும் பத்திரமாக இருந்தன. தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கொம்பையாவுக்குத் தட்டிப் பார்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது. மரம் முழுக்கத் தட்டி, கணுவையும் பொந்தையும் ஒதுக்கி, கெட்டியான இடங்களை மட்டும் அறுத்தெடுத்தார். எல்லாம் முழ நீளத் துண்டுகள். பாதிக்கு மேல் வளைந்தவை.

"இத வச்சு என்னங்க பண்ணப் போறீங்க?"

"தெரியல. சூளையில போட மனசு வரல."

இதற்குள் குஞ்சுகள் பொந்தை விட்டு வந்து, சரிவில் ஏரிப் பக்கம் உருள ஆரம்பித்தன. இசக்கி அவற்றை அள்ளிவந்து நடுவில் விட்டு, வளைந்த துண்டுகளை முனையோடு முனை சேர்த்துச் சுற்றிலும் வைத்தாள்.

கொம்பையா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "புள்ள, இது சக்கரம்."

அந்நாளில் சக்கரம் என்றால் பெருமரத்தில் அறுத்த ஒரே முழு வட்டம். மாடுகளுக்கு அதை இழுத்து முதுகு ஒடியும். கொம்பையா வளைந்த துண்டுகளை விளிம்பாக்கினார், நேரான துண்டுகளை ஆரக்கால் ஆக்கினார். புதுச் சக்கரம் பூட்டிய வண்டியை இழுத்த மாடு திரும்பிப் பார்த்து, "வண்டி பின்னால வருதா, கழண்டுடுச்சா?" என்று கேட்டதாம்.

மரம் அறுத்த அன்றே பொந்துத் துண்டைப் பக்கத்து வேம்பில் கட்டிக் குஞ்சுகளைக் குடிவைத்தார் கொம்பையா.

அன்றைக்குத் தொடங்கியதுதான், மரங்கொத்தி தட்டித் தட்டிப் பொந்துள்ள இடத்தைத் தேடுவதும், தச்சர்கள் தட்டித் தட்டிப் பொந்தில்லாத இடத்தைத் தேடுவதும். ஒரே மரத்துக்காக இருவரும் சண்டை போட்டதாக இதுவரை தகவல் இல்லை.