கரடித் துறைக்கு மேலே எடுத்த தண்ணீர்

காட்டுக் குளம் ஒன்றில் ஒரு வாத்து தன் ஒரே குஞ்சோடு வாழ்ந்து வந்தது. அந்தக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையில் கரடி ஒரு குளியல் துறை வைத்திருந்தது.

மலைச்சாலையில் கவிழ்ந்த லாரியிலிருந்து சலவைத்தூள் மூட்டைகளைக் கரடி இழுத்து வந்திருந்தது. ஒரு பிடி போட்டால் போதும், துறை முழுக்க நுரை! எருமையும் நரியும் குரங்குகளும் தினமும் குளித்துப் பளபளத்தன.

ஒரு நாள் காலை வாத்துக் குஞ்சு குளத்தில் இறங்கியது. எப்போதும் நனையாத அதன் தூவி சொட்டச் சொட்ட நனைந்து கனத்தது.

"அம்மா! மிதக்க முடியலையே!"

தாய் பாய்ந்து வருவதற்குள் குஞ்சு மூழ்கிவிட்டது.

தண்ணீரைச் சோதித்துச் சொல்லும் வேலை நாரைக்கு. அது ஒரு கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் எடுத்து வந்து எல்லோர் முன்னாலும் குலுக்கியது. வந்த குமிழிகள் உடனே உடைந்தன.

"நுரை நிற்கவில்லை. தண்ணீர் சுத்தம்!" என்றது நாரை.

"கேட்டீர்களா? என் நுரையெல்லாம் ஓடையிலேயே அடங்கிவிடும்!" என்றது கரடி.

வாத்து நாரையின் முகத்துக்கு நேரே வந்தது. "இந்தத் தண்ணீரை எங்கே எடுத்தாய்?"

நாரை தன் வெள்ளைச் சிறகைக் கோதியபடி, "துறைக்கு மேலே. அங்கேதான் நிற்க வசதி" என்றது.

"என் பிள்ளை செத்தது கீழே! உனக்கு வசதி மேலேயா? உன் சிறகை வெளுத்துக் கொடுத்தவன் யார், சொல்!"

நாரை கரடியின் பக்கம் நகர்ந்தது.

வாத்து புட்டியைப் பிடுங்கி, அந்தத் தண்ணீரை ஒரு பாறைக்குழியில் கொட்டியது. பிறகு குளத்துத் தண்ணீரை மொண்டு வந்து குலுக்கியது. புட்டி நிறைய எழுந்த நுரை அடங்கவே இல்லை.

"அது இலை அழுகிய நுரை!" என்று கரடி கத்தியது.

அப்போது தண்ணீர்மேல் நடக்கும் பூச்சி ஒன்று முன்னால் வந்தது. "இலை அழுகிய தண்ணீரில் நான் நடப்பேன், சலவைத்தூள் தண்ணீரில்தான் அமிழ்வேன். என்னைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். என் சொந்தமெல்லாம் அந்தக் குளத்தில்தான் மூழ்கிப் போனது."

வாத்து குளத்துத் தண்ணீரை இன்னொரு குழியில் ஊற்றியது. மேலே எடுத்த தண்ணீரில் பூச்சி தரையில் ஓடுவதுபோல ஓடியது. குளத்துத் தண்ணீரில் கால் வைத்ததும் அமிழ்ந்தது. வாத்து சட்டென்று அலகால் அதைத் தூக்கி எடுத்தது.

"உங்கள் தோல் மின்னுவதற்கு என் பிள்ளையா?" என்று அலறியது.

எருமை தலை குனிந்தது. பிறகு எழுந்து போய்த் துறையை மிதித்து உடைத்தது. குரங்குகள் மூட்டைகளைச் சாலைக்கே திருப்பிச் சுமந்தன. கரடியும் நாரையும் காட்டைவிட்டுத் துரத்தப்பட்டன.

குளம் தெளிய ஒரு மழைக்காலம் பிடித்தது. வாத்து மட்டும் அதில் மறுபடி இறங்கவே இல்லை.

கெடுதல் நடந்த இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் சோதிப்பவன், கெடுத்தவனுக்குக் கூட்டாளியே.