எவருக்கும் உரிமை இல்லாத குரல்

தென்பெண்ணை ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஆசிரமம். அதை நடத்திவந்த தவமணி அம்மையாருக்கு நாற்பத்தைந்து வயதுதான். அவருடைய சீடர் பொன்னுரங்கத்துக்கோ அறுபத்து மூன்று. முப்பது வருடம் வக்கீலாக இருந்துவிட்டுக் காவி கட்டியவர். கறுப்புக் கோட்டைக் கழற்றினாரே தவிர வாதாடுவதை விடவில்லை. அம்மையாரும் அவரை ‘வக்கீல் ஐயா’ என்றுதான் கூப்பிடுவார்.

ஆசிரமத்தில் முந்நூறு ஒலிநாடாக்கள் இருந்தன. எல்லாம் ஒப்பாரி. சாவு விழாத இடத்தில் யாரும் ஒப்பாரி பாட மாட்டார்கள். அதனால் ஆசிரமத்தைத் தொடங்கிய பெரியவர் இழவு வீடு இழவு வீடாகப் போய், ஓரமாக உட்கார்ந்து பதிவு செய்தவை அவை. இப்போது பூஞ்சணம் பிடித்துவிட்டது. இன்னொரு மழைக்காலம் தாங்காது.

ஒரு கம்பெனி வந்தது. எல்லா நாடாவையும் தன் செலவிலேயே சுத்தம் செய்து கணினியில் ஏற்றித் தருவதாகச் சொன்னது. பதிலுக்கு, அந்தக் குரல்களைச் செயற்கை நுண்ணறிவுக்குக் கற்றுக்கொடுக்கும். ‘இக்குரல்களில் வேறு எவருக்கும் உரிமை இல்லை’ என்று ஆசிரமம் கையெழுத்திட வேண்டும். ஒரு குரல் விடுபட்டாலும் ஒப்பந்தம் கிடையாது.

மாதிரிக்கு, நாடாக்களில் பாடியிருந்த அஞ்சலை என்பவளின் குரலில் ஒன்றைச் செய்தும் அனுப்பியிருந்தது. இறந்தவரின் பெயரையும் உறவுமுறையையும் தட்டினால் போதும், அஞ்சலை அழுது பாடுவாள். அவள் போய்ச் சேர்ந்து இருபது வருடம் ஆகிறது. பாடியவர்களில் அவளுக்கு மட்டும்தான் வாரிசு இருப்பது தெரியும்; மகன் சடையாண்டி பக்கத்து ஊரில் டிராக்டர் ஓட்டுகிறார்.

நாடாக்களை எடுத்துப்போக மறுநாள் காலை வண்டி வருவதாக இருந்தது. பொன்னுரங்கம் மடிக்கணினியும் ஒப்பந்தத் தாளுமாக அம்மையார் முன் வந்து உட்கார்ந்தார். சட்டப் புத்தகத்தை ஒரு வாரம் புரட்டியிருந்தார். பாட்டு பரம்பரையாக வந்தது, எழுதியவர் என்று யாரும் கிடையாது, பதிவு செய்தது நம் பெரியவர், குரலுக்குப் பதிப்புரிமை இல்லை என்று வரிசையாகச் சொல்லி முடித்தார்.

“அப்புறம் என்ன சந்தேகம், வக்கீல் ஐயா?”

“சடையாண்டியக் கேக்கணுமாம்மா? கேக்கலேன்னா சட்டப்படி தப்பில்ல. கேட்டு, வேணாம்னுட்டா வம்பு.”

 அம்மையார் அந்த மாதிரியைத் திறக்கச் சொன்னார். திரையில் இரண்டு கட்டங்கள் தெரிந்தன.

“உறவுங்கற எடத்துல அம்மான்னு போடுங்க.”

போட்டார்.

“உங்களப் பெத்தவங்க பேரு என்ன?”

“தைலம்மாள்.”

“அதையும் தட்டுங்க. கேப்போம்.”

பொன்னுரங்கத்தின் விரல் நின்றுவிட்டது. தைலம்மாள் அவருடைய தம்பி வீட்டில் இருந்தார். முந்தாநாள்கூடப் போனில், ராத்திரிக்கு என்னடா சாப்பிட்டே என்று விசாரித்தார்.

“அவங்க உசுரோட இருக்காங்கம்மா.”

“மெஷினுக்கு அது தெரியாதே. பேருக்குப் பதிப்புரிமை உண்டா?”

“கிடையாது.”

“அப்ப வேற எவருக்கும் உரிமை இல்ல. தட்டுங்க.”

அவர் தட்டவில்லை. மடிக்கணினியை மூடி, கையெழுத்துப் போடாத தாளை அதன் மேல் வைத்தார். சடையாண்டி ஊருக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார். பழைய வக்கீல் அவ்வளவு சுலபமாக விடுவாரா?

“அவரு வேணாம்னு சொல்லிட்டா, முந்நூறு நாடாவும் மண்ணாப் போயிடுமேம்மா.”

“போயிடும்,” என்றார் அம்மையார். “அதையும் சடையாண்டிகிட்டயே சொல்லுங்க.”