மொட்டை மலை

ஒரு காலத்தில் மாந்தைபுரியை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கோபம் வந்தாலும் கட்டளைதான், குஷி வந்தாலும் கட்டளைதான். அவன் பாட்டன் வெட்டிய பெரிய ஏரிதான் ஊருக்கெல்லாம் சோறு போட்டது. ஏரிக்கு மேலே மலைச்சரிவில் ஒரு காப்புக்காடு. அங்கே கோடரி படக் கூடாது என்பது பாட்டன் போட்ட தடை.

பேரனுக்கு மர மண்டபங்கள் கட்ட ஆசை வந்தது. "மரத்தைத் தின்றா ஏரி உயிர் வாழ்கிறது?" என்று தூபம் போட்டார் திம்மராயர். தோளில் புரளும் சுருள்முடிக்குத் தினமும் சாம்பிராணிப் புகை காட்டும் சபைப் பிரமுகர் அவர். பாதிக் காடு போயிற்று. அடுத்த மழையில் மலைமண் கரைந்து வந்து ஏரியை மேடாக்கிவிட்டது. பயிர் கருகியது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். கோட்டை வாசலில் நின்று மந்திரி அம்பலவாணர் அதைப் பார்த்தார். மிச்சக் காட்டையும் நாளை வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது.

அன்று மந்திரி சபைக்கு மொட்டைத் தலையும் மழித்த மீசையுமாக வந்து நின்றார்.

"யார் தவறிவிட்டது, மந்திரியாரே?" ராஜா பதறினான்.

"ஏரிதான், மகாராஜா. இன்னும் மூச்சு இருக்கிறது, நாளை போய்விடும். அப்போது மழித்துவிட நாவிதர்கூட ஊரில் இருக்க மாட்டார். அதனால் இன்றே முடித்துக்கொண்டேன்."

"மந்திரிக்குப் புத்தி பேதலித்துவிட்டது, பிரபு!" என்று சிரித்தார் திம்மராயர்.

ராஜாவுக்கு முகம் சிவந்தது. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டான். "இதை நான் துப்புவதற்குள், காட்டுக்கும் ஏரிக்கும் என்ன சம்பந்தம் என்று நிரூபியும். இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போம்!"

மந்திரி மடியில் கட்டி வந்த மண்ணில் ஒரு பிடி அள்ளித் தன் மொட்டையில் அப்பிக்கொண்டு, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஒரே ஓட்டம். மண் அத்தனையும் கண்ணிலும் வாயிலும் இறங்கிற்று.

"இது வெட்டிய மலை. இனி வெட்டாத மலை வேண்டும். ராயர் தலையைவிட அடர்ந்த காடு சபையில் ஏது?"

"ஐயோ, பிரபு!"

"உட்காரும்," என்றான் ராஜா. மண்ணை அப்பி, தானே செம்பை வாங்கி ஊற்றினான். மண் முடியோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் சுருளுக்குள் தங்கி, நிதானமாகச் சொட்டியது. சபை கொல்லென்று சிரித்தது. ராஜா வெற்றிலையைத் துப்பினான். அப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் சிரிப்பு நின்றது.

"கோடையில் ஏரியைக் காப்பாற்றுவது இந்தச் சொட்டுதான்," என்றார் மந்திரி, வாயிலிருந்த மண்ணைத் துடைத்தபடி.

உத்தரவு ரத்தானது. வெட்டிய சரிவில் கன்று நட்டுத் தண்ணீர் சுமக்கும் வேலை ராயருக்கு, மந்திரிக்கு முத்துமாலை. "தலையைப் பற்றிக் கவலைப்படாதீர், முடி வளர்ந்துவிடும்," என்று ராஜா ஆறுதல் சொன்னான்.

"எனக்குத் தை பிறக்குமுன் வளர்ந்துவிடும், மகாராஜா. மலைக்கு வளரும்போது நீங்களும் இருக்க மாட்டீர்கள், நானும் இருக்க மாட்டேன்."

மாலையோடு மந்திரி வெளியே வந்தார். கோட்டை வாசலில் இன்னொரு குடும்பம் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தது. நில்லுங்கள் என்று கூப்பிட வாயெடுத்தார். இந்த வருஷம் அவர்களுக்குக் கொடுக்க ஏரியில் தண்ணீர் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.