இருநூறு ஆமைகள்

ஊரை ஒட்டி ஓர் ஏரி இருந்தது. அதில் ஆமைகள் வாழ்ந்தன. எத்தனை என்று ஆமைகளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவற்றுக்கு வந்ததில்லை.

அவசியம் நகராட்சிக்கு வந்தது. ஏரியில் பாதியைத் தூர்த்துப் பேருந்து நிலையம் கட்ட வேண்டும். ஆமைகள் நூற்றுக்குக் குறைவாக இருந்தால் ஏரியைத் தொடக்கூடாது. அதற்கு மேல் இருந்தால் இனம் செழிப்பாக இருக்கிறது, பாதித் தண்ணீரே போதும். இப்படி ஒரு முடிவு எடுத்து, எண்ணிச் சொல்வதற்கு சுகந்தி என்ற ஆய்வாளரை அனுப்பினார்கள்.

ஆமைகளை வரிசையில் நிறுத்தி எண்ண முடியாது. கொஞ்சம் ஆமைகளைப் பிடித்து, அடையாளம் வைத்து, ஏரியிலேயே விட்டுவிட வேண்டும். சில வாரம் கழித்து மறுபடி பிடிக்க வேண்டும். பிடிபட்டவற்றில் அடையாளத்தோடு நிறைய இருந்தால், ஏரியில் மொத்தமே கொஞ்சம்தான். அடையாளத்தோடு ஒன்றிரண்டுதான் இருந்தால், அடையாளம் படாத கூட்டம் உள்ளே ஏராளமாக இருக்கிறது. கணக்கு அவ்வளவுதான்.

கம்பிக் கூண்டுகளில் கருவாட்டைக் கட்டித் தண்ணீரில் இறக்கினாள் சுகந்தி. இருபது ஆமைகள் சிக்கின. வழக்கப்படி ஓட்டின் விளிம்பில் அரத்தால் சின்னதாக ஒரு வெட்டுப் போட வேண்டும், அது அழியாது. அரத்தை எடுத்தாள். முதல் ஆமை கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தது. அவளுக்கு மனசு வரவில்லை. கைப்பையில் மஞ்சள் நகப்பூச்சு இருந்தது. ஆளுக்கொரு பொட்டு வைத்து விட்டுவிட்டாள்.

மதகின் அடியில் வாழ்ந்ததால் அந்த முதல் ஆமைக்கு மதகடி என்று பேர். பொட்டோடு மதகடி திரும்பியதைப் பார்த்ததும், கூண்டில் சிக்காத தாமரையடி என்ற ஆமை தாமரைத் தண்டுகளை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னடி, பொண்ணு பார்த்துட்டுப் போனாங்களா? மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?"

அன்றைக்கு ஏரி முழுக்க இதே பேச்சு. பொட்டு வைத்தவர்கள் வெயில் காயக்கூட மேலே வரவில்லை. பொழுது சாய்வதற்குள் மதகடி படித்துறைக் கல்லுக்குப் போய் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"தேய்க்காதே அக்கா" என்றது மஞ்சள் பொட்டு. "நான் இருக்கிற வரைக்கும்தான் நீ ஒரு ஆள். நான் போய்ட்டா, அடுத்த தடவை உன்னைப் புது ஆள்னு எண்ணுவாங்க."

மதகடி நின்றாள். "அப்போ ஆள் கூடும். நல்லதுதானே?"

அதுதான் இல்லை என்று பொட்டு விளக்கியது. கைப்பைக்குள் இருந்தபோது அது நகராட்சிப் பேச்சு முழுவதையும் கேட்டிருந்தது. குறைவாக இருந்தால்தான் ஏரி தப்பும், நிறைய இருந்தால் பாதி போய்விடும் என்று ஒன்றுவிடாமல் சொன்னது.

மதகடி பொறுமையாகக் கேட்டாள். உலகம் தெரிந்தவள் அவள்.

"கொஞ்சம் பேரா இருக்கிறவங்களை யாரு இதுவரைக்கும் காப்பாத்தியிருக்காங்க?" என்று கேட்டுவிட்டு மறுபடி தேய்த்தாள்.

பொட்டு பதில் யோசிப்பதற்குள் தேய்ந்துவிட்டது.

மற்றவர்களும் அந்தக் கல்லுக்கே வந்தார்கள். சோம்பேறிகள் இரண்டு பேர் மட்டும் பொட்டோடு இருந்துவிட்டார்கள்.

சில வாரம் கழித்துக் கூண்டுகள் மறுபடி இறங்கின. மறுபடியும் இருபது ஆமைகள் சிக்கின. முதல் கூண்டில் இருந்தவள் மதகடி.

"நீயா?" என்றது கூண்டு. "கருவாட்டுக்கு வெட்கமில்லை, பொட்டுக்குத்தான் வெட்கமா?"

கூண்டுக்கு எல்லா முகமும் தெரியும். கதவை ஆட்டி ஆட்டிக் கரையில் இருந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தது. கீலுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று சுகந்தி குறித்துக்கொண்டாள்.

மதகடியின் ஓட்டில் கை வைத்தபோது சுகந்தி ஒரு கணம் தயங்கினாள். பொட்டு வைத்திருந்த இடம் மட்டும் பளபளவென்று சுரண்டியிருந்தது. பக்கத்தில் இருந்த சக ஆய்வாளர் மரியதாஸிடம் அதைக் காட்டினாள்.

"ஆமைன்னா கல்லுல உரசத்தான் செய்யும்" என்றார் அவர். "எழுதுங்க மேடம், வெயில் ஏறுது."

இருபதில் பொட்டோடு இருந்தவை இரண்டு. பத்துக்கு ஒன்றுதான் பொட்டு, பொட்டு வைத்தது இருபதுக்கு, ஆகக் கணக்குப்படி ஏரியில் இருநூறு ஆமைகள். உண்மையில் முப்பதைத் தாண்டாது.

போன வருடம் கரையில் நின்று பார்த்தே எண்பது என்று எழுதியிருந்தார்கள். எண்பது இருநூறானால் காரணம் சொல்லியாக வேண்டும். ஊர்ச் சாக்கடை கலந்ததில் பாசி பெருகியது, பாசியால் நத்தை பெருகியது, நத்தையால் ஆமை பெருகியது என்று அறிக்கை போனது. நல்ல மழை, நாய்த் தொல்லை குறைந்தது, மக்களின் விழிப்புணர்வு எல்லாமே சேர்ந்தன. எண் தப்பாக இருக்கலாம் என்பதைத் தவிர எல்லாக் காரணமும் அதில் இருந்தது.

நகராட்சியில் சுகந்திக்குச் சால்வை போட்டார்கள்.

மண் லாரிகள் வரப்போகும் செய்தியைக் கரையில் கிடந்த கூண்டுதான் முதலில் கேட்டது. ஆமைகளிடம் சொன்னது. சொல்லும்போது அந்த எண்ணையும் சேர்த்துச் சொன்னது. கிண்டலாகத்தான் சொன்னது. ஆமைகளுக்குக் கிண்டல் கேட்கவில்லை, எண் மட்டும் கேட்டது.

"இருநூறு பேரா?" என்றாள் தாமரையடி. "நாமளா?"

"படிச்சவங்க எண்ணியிருக்காங்க" என்றாள் மதகடி. "இருநூறு பேரும் கரையில ஏறி உட்கார்ந்தா எந்த லாரி உள்ளே வரும்?"

மறுநாள் விடிந்ததும் எல்லா ஆமைகளும் கரை ஏறின. லாரி வரும் வழியில் ஒன்றை ஒட்டி ஒன்றாக உட்கார்ந்தன. அப்படியும் பாதையில் பாதிகூட அடைபடவில்லை. தாமரையடி இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

முதல் லாரி பின்பக்கமாக வரத் தொடங்கியது.

"இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றாள் மதகடி. "மத்தவங்களுக்கு இடம் வேணும்."