சாடித் தண்ணீரை எங்கே ஊற்றுவது?

இரண்டு சூரியன்கள் உள்ள ஒரு வானத்துக்குக் கப்பல் ஒன்று போய்ச் சேர்ந்தது. அதிலிருந்த நானூறு பேரும் மீனவர் வழிவந்தவர்கள். பாவம், ஒருவர்கூடக் கடலைக் கண்டதில்லை. ஆனால் முன்னோர் கொடுத்த ஒரு சாடிக் கடல்நீரைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். குடியேறும் இடத்தின் கடலில் அதை ஊற்றுவதாகச் சத்தியம் செய்திருந்தார்கள். கப்பலில் ஒரே முறை இறங்கத்தான் எரிபொருள் இருந்தது. தப்பான கோளில் இறங்கினால் அத்தனை பேருக்கும் அதுவே முடிவு.

சின்னச் சூரியன் இருபது ஆண்டுக்கு ஒருமுறை பெரியதை நெருங்கி வந்து, பிறகு விலகிப் போகும். இவர்கள் வந்தபோது அது வெகுதூரத்தில் இருந்ததால் எல்லாம் அமைதியாகத் தெரிந்தது.

தலைவி செவ்வந்தி மூன்று பேரைச் சிறு விண்படகுகளில் கோள்களைப் பார்த்துவர அனுப்பினார்.

சவரியம்மாள் கண்டது இரு சூரியன்களையும் சேர்த்துச் சுற்றும் தொலைதூரக் கோள். அவற்றின் சச்சரவு எதுவும் அங்கே எட்டாது. ஆனால் முழுக்கப் பனிக்கட்டி.

நம்புராசன் கண்டது இரு சூரியன்களுக்கும் இடைப்பட்ட நீலக் கோள். கரை தெரியாத கடல். அள்ளிக் குடித்தாராம், இளநீர் மாதிரி இருந்ததாம். கப்பலே ஆர்ப்பரித்தது.

ஃபௌசியா கண்டது பெரிய சூரியனை ஒட்டிச் சுற்றும் கோள். வெயில் கடுமை, இருந்தாலும் பயிர் வரும். தண்ணீர் என்று பார்த்தால் ஊற்றுகளும் ஒரு குளமும்தான். குளக்கரையில் உப்புப் படிவு ஆள் உயரத்துக்கு அடுக்கடுக்காக இருந்தது. பத்தொன்பது மெல்லிய அடுக்கு, ஒரு தடித்த அடுக்கு. மறுபடியும் அதே கணக்கு, அடிவரை.

"கடலே இல்லாத ஊர்ல இந்தத் தண்ணிய எங்கம்மா ஊத்துவ?" என்று கேட்டார் நம்புராசன்.

"அந்தக் குளத்த நக்கிப் பாத்தேண்ணே. நம்ம சாடித் தண்ணி மாதிரியே கரிக்குது," என்றாள் ஃபௌசியா.

செவ்வந்தி இரவெல்லாம் தூங்கவில்லை. நீங்களே சொல்லுங்கள்: யாருடைய கோளில் இறங்குவது சரி?

விடை: ஃபௌசியாவின் கோளில். பாறையிலிருந்து உப்பு கரைந்து கடலில் சேர யுகங்கள் ஆகும். உப்பே இல்லாத கடல் நேற்று உருகிய பனி. எங்கோ கிடந்த பனிக்கோளைச் சின்னச் சூரியன் உள்ளே இழுத்துப் போட்டிருக்கிறது. அடுத்த முறை வரும்போது வெளியேயும் எறியும். குளக்கரையில் ஆண்டுக்கு ஓர் உப்பு அடுக்கு; சின்னச் சூரியன் நெருங்கும் இருபதாம் ஆண்டில் வெயில் கூடி அடுக்கு தடிக்கும். அந்த அடுக்குகளோ, அது எத்தனை முறை நெருங்கி வந்தும் இந்தக் கோள் இடம் மாறவில்லை என்று சாட்சி சொல்கின்றன. சவரியம்மாளின் கோளும் நிலையானதுதான், ஆனால் அந்தக் குளிரில் யார் வாழ்வது?

இறங்கிய ஒன்பதாம் ஆண்டு சின்னச் சூரியன் நெருங்கியது. நீலக் கோள் தடம் விலகி இருட்டுக்குள் போனதை எல்லோரும் பார்த்தார்கள். அப்பாடா என்று நானூறு பேரும் மூச்சு விட்டார்கள். அதுவரை ஃபௌசியாவிடம் முகம் கொடுத்துப் பேசாத நம்புராசன்தான் சாடியைச் சுமந்துவந்து குளத்தில் ஊற்றினார். அன்று முதல் அதற்குக் கடல் என்று பெயர். நீளம் முந்நூறு அடி.