பபிதாவுக்கு இந்தியில் காதல் சொன்னோம்

எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து ஒரு மூளைதான் என்று பனியன் கம்பெனியில் பேசிக்கொள்வார்கள். அதுவே அதிகம் என்பது என் கருத்து.

நாங்கள் நாலு பேர்: செங்கோடன், பொங்கியண்ணன், மாரப்பன், நான். செங்கோடனுக்குத் தையல் பிரிவு பபிதாமேல் உயிர். பீகார்ப் பெண். எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள். ஊரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள், சாயங்கால ரயிலில் அண்ணனோடு கிளம்புகிறாள் என்று தெரிந்ததும் செங்கோடன் அழுதேவிட்டான்.

"ஏன்டா, தமிழ்லயே சொல்லிப்போடேன்" என்றேன்.

"அவிய பாஷையில சொன்னாத்தான்டா மனசுல ஏறும்" என்றான் பொங்கியண்ணன். எல்லோரும் தலையாட்டினோம்.

பானிபூரிக் கடை சோட்டேலாலிடம் ஓடினோம். "மைன் தும்ஸே ப்யார் கர்தா ஹூம். நெஞ்சுல கை வெச்சு மெதுவா சொல்லணும்" என்றார் அவர்.

அவ்வளவு நீளம் செங்கோடன் தலையில் நிற்கவில்லை. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டோம். 'ப்யார்' என்றால் காதலாம், அது அவனுக்கு. யார் நெஞ்சில் கை வைப்பது என்று சோட்டேலால் சொல்லவில்லையே? காதல் யாருக்கோ அவன் நெஞ்சில்தான் என்று தீர்மானித்தோம்.

கம்பெனி வாசலில் பபிதா முன்னால் மூன்று பேரும் செங்கோடன் நெஞ்சை அமுக்கிப் பிடித்தோம். "மைன்" என்றேன். "தும்ஸே" என்றான் மாரப்பன். மூச்சு முட்டிய செங்கோடன் "ப்யார்" என்று முனகினான். மிச்சத்தைப் பொங்கியண்ணன் முடித்தான்.

பபிதா சிரித்தாள். கண் கலங்கியது. "எனக்கும் உன்னைப் புடிச்சிருக்கு. ரயிலுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட வந்து பேசு" என்றாள், தமிழில்.

தள்ளிப்போய்க் கூடிப் பேசினோம்.

"என்னடா சொன்னா?"

"தமிழாட்டந்தான் இருந்துச்சு."

"நாம இந்தியில கேட்டோம். பதிலும் இந்தியிலதான இருக்கோணும்? இதை நம்பி எப்படிப் போறது?" என்றான் மாரப்பன். நியாயமாகப் பட்டது.

அவள் சொன்னதை அப்படியே சோட்டேலாலிடம் ஒப்பித்தோம். அவர் பூரியைக் கீழே வைத்துவிட்டு இந்தியில் சொல்லிக் கொடுத்தார். எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. இந்தியும் தமிழும் தெரிந்த வேறு ஆள் வேண்டுமே என்று யோசித்து, அவர் சொன்னதை ஆளுக்குக் கொஞ்சமாகச் சுமந்துகொண்டு பபிதாவிடமே ஓடி ஒப்பித்தோம்.

"ஏனுங், இதுக்குத் தமிழ்ல என்னுங் அர்த்தம்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு, செங்கோடன் கையைப் பிடித்து அண்ணனிடம் தரதரவென்று இழுத்துப்போனாள்.

"டேய், கையப் புடிச்சு இழுத்தா இந்தியில என்ன அர்த்தம்னு கேட்டுட்டு வாங்கடா!" என்று செங்கோடன் போகிறபோக்கில் கத்தினான்.

கேட்கத்தான் ஓடினோம். போகிற வழியில் மாரப்பன் கையைப் பிடித்து நானும் இழுத்துக்கொண்டே போனேன், சோட்டேலாலுக்குச் செய்து காட்ட வேண்டுமே!