வெள்ளிக்கிழமை குடுத்த நெருப்பு

ஒரே ஒரு ஊர்ல காத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். ஒரு வீட்டத் தவிர அந்த ஊரு பூராவும் பனையோலைக் கூரை வீடுதான். பங்குனி வெயில் காஞ்சுச்சுன்னா ஒரு பொறி போதும், ஒரு வீட்ல புடிச்ச தீ தெருக்கடைசி வரைக்கும் போய்த்தான் நிக்கும். அதனால மழை விழுகுற வரைக்கும் ஊர்ல எல்லாருக்கும் தீக் கனவுதான். கலியாணக் கனவு வர வேண்டிய கொமரிகளுக்குக் கூட தீதான் கனவுல வருமாம். சிரிக்காதீங்க, நெசந்தான்.

காத்தாயிக்குப் புருசன் இல்ல, போய்ச் சேந்துட்டான். அவளுக்குன்னு இருந்தது ஒரே மக, பேரு ராக்கு. அப்புறம் ஒரு சோடித் தண்டட்டி. தண்டட்டின்னா தெரியுமா? பெரிய தங்க நகை, காதுல தொங்கும், தலைய ஆட்டுனா அதுவும் ஆடும். அதைப் போடணும்னா காது நீளமா இருக்கணும். ராக்கு கைப்பிள்ளையா இருக்கும்போதே காதக் குத்தி, ஈயக் குணுக்கை மாட்டி, கனத்தைக் கூட்டிக் கூட்டி, பிள்ளை அழ அழ இவளும் கூட உக்காந்து அழுது, தோளைத் தொடுற மாதிரி காதை வளத்து வச்சிருந்தா.

வைகாசியில ராக்குக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்ல மாடு கேக்கல, மனை கேக்கல, "பொண்ணு காது நெறைஞ்சு வந்தாப் போதும்"னு மட்டும் சொல்லிட்டுப் போயிருந்தாக. காது நெறையணும்னா தண்டட்டி வேணும். வெறுங்காதோட மணவறையில உக்காந்தா மாப்பிள்ளை வீடு எந்திரிச்சுப் போயிரும். பெறகு அம்புட்டு நீளக் காதை வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளை என்ன பண்ணும்?

அதனால காத்தாயிக்கு ஒரே கவலை. இந்தத் தண்டட்டிய தீயில போகாம, திருட்டுல போகாம எங்க வைக்கிறது?

மொதல்ல நெல்லுக் குலுக்கைக்குள்ள பொதச்சு வச்சா. வச்சதை மறந்துட்டு, மறுவாரம் அந்த நெல்லையே அள்ளி உரல்ல கொட்டி உலக்கையத் தூக்கிட்டா. ராக்கு மட்டும் "ஆத்தா, நிறுத்து!"ன்னு கத்தலேன்னா தண்டட்டி தவுட்டோட தவுடாப் போயிருக்கும்.

சரின்னு வீட்டுக்குள்ள குழி தோண்டி அதுல வச்சு, மூடி, மேல சாணி மொழுகிட்டா. மொழுகுனா மொழுகுனா, அப்படி மொழுகுனா, கடைசியில எந்த எடத்துல வச்சோம்னு அவளுக்கே தெரியல. வீடு பூராவும் பன்னி கெளறுன மாதிரி கெளறித்தான் எடுத்தா.

சரி, தண்ணிக்குள்ள தீ வராதுல்லன்னு துணியில முடிஞ்சு கயித்துல கட்டிக் கெணத்துக்குள்ள தொங்கவிட்டா. ஒரு ஆடு வந்து எட்டிப் பாத்துச்சு. ஆட்டுக்குத் தெரியுமா அது தண்டட்டிக் கயிறுன்னு? மென்னு தின்னுட்டுப் போயிருச்சு. காத்தாயி கெணத்துல எறங்கி, சேத்தை அள்ளி, தண்டட்டிய எடுத்துக்கிட்டு மேல வந்தப்ப அவளைப் பாத்து அவ வீட்டு நாயே கொலைச்சுச்சாம்.

அப்பத்தான் பெரியநாச்சி வந்தா. அவ யாருன்னு கேக்குறீங்களா? அந்த ஊர்லயே ஓட்டு வீடு அவளுக்கு மட்டும்தான். மாடு, நெல்லு, தோப்பு, தொரவு எல்லாம் இருந்துச்சு. ஆனா கையி? எச்சிக் கையால காக்கா விரட்ட மாட்டா. மோரு கேட்டா "பூனை குடிச்சிருச்சு"ம்பா, உப்பு கேட்டா "ஈரத்துல கரைஞ்சிருச்சு"ம்பா, அடுப்புக்கு ஒரு கங்கு கேட்டா "இப்பத்தான் தண்ணி ஊத்துனேன்"பா.

அப்பேர்ப்பட்டவ காத்தாயி தலையில இருந்த சேத்தைத் தன் முந்தானையால தொடச்சுவிட்டு, "ஏன்டி காத்தாயி, இப்படி அல்லாடுற? எங்க வீடு ஓட்டு வீடு, தீ வந்தாலும் வெளிய நின்னு பாத்துட்டுப் போயிரும். எங்கிட்டக் குடு. கலியாணத்துக்கு மொத நாள் வந்து வாங்கிக்க. ராக்கு எனக்கும் மக மாதிரிதான"ன்னு சொன்னா.

காத்தாயிக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. "ஒன்ன ஊரே கஞ்சம்னு பேசுது மதினி, நீ தெய்வம்"னு தண்டட்டிய எடுத்துக் கையில குடுத்துட்டா. ம்க்கும். ஆடு தின்ன கயித்துலயே விட்டிருக்கலாம்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, வெளக்கு வைக்கிற நேரம், "தீ! தீ!"ன்னு சத்தம். எங்கன்னு பாத்தா பெரியநாச்சி வீட்டுக்குப் பின்னாடி. அவ வீடுதான் ஓட்டு வீடு, அடுப்படி மட்டும் பின்பக்கம் தனியாக் கூரைச் சாய்ப்பு. அது திகுதிகுன்னு எரியுது. ஊரே ஓடிவந்து கொடத்துல தண்ணிய ஊத்தி, தொரட்டியால ஓலைய இழுத்துப் போட்டு அணைச்சுட்டாக. தெருவுக்குள்ள தீ வரல, எல்லாரும் மாரியாத்தாளைக் கும்பிட்டுட்டுப் போனாக. அந்தத் தீய வச்சது யாரு? எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், காத்தாயிக்குத்தான் தெரியல.

மறுநாள் போனா. "மதினி, என் தண்டட்டி?"

"ஐயோ, அதை ஏன்டி கேக்குற! அடுப்படிப் பரண்ல வச்சிருந்தேன், எரிஞ்சு போச்சு"ன்னு பெரியநாச்சி மாருல அடிச்சுக்கிட்டா.

காத்தாயி தலையச் சொறிஞ்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தா. பாதி வழியில நின்னு யோசிச்சா. தங்கம் எரியுமா? திரும்பிப் போனா. "மதினி, தங்கம் எரியாதே?"

"எரியாது, உருகும்ல? உருகி மண்ணுக்குள்ள எறங்கிப் போச்சு."

காத்தாயி மண்வெட்டிய எடுத்துக்கிட்டு வந்து அடுப்படிய வெட்டி, சாம்பலைச் சலிச்சு, மண்ணைத் தண்ணியில அலசிப் பாத்தா. ஒரு குன்றிமணித் தங்கம் கூடக் கெடைக்கல. "மதினி, மண்ணுல இல்லையே?"

அப்ப பெரியநாச்சிக்கு மொகம் மாறிப் போச்சு. சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு வாசல்ல வந்து ஊரு கேக்க ஆரம்பிச்சா. "யாருகிட்டடி நகை கேக்குற? இந்தத் தீயே ஒம்மகளால வந்த தீ! வெள்ளிக்கிழமை வெளக்கு வச்ச பெறகு ஒம்மக ராக்கு வந்து அடுப்புக்குக் கங்கு கேட்டா. போனாப் போகுதேன்னு நான்தான் என் கையால கொட்டாங்கச்சியில அள்ளிக் குடுத்தேன். வாங்கிட்டுப் போகையில பொறியச் சிந்திட்டா, கூரை புடிச்சிருச்சு. என் அடுப்படிய நீ கட்டிக் குடு! இல்லேன்னா ராசாகிட்ட வழக்கு வைப்பேன், வீட்டக் கொளுத்துன பிள்ளைய யாரு கட்டிக்கிறான்னு பாக்குறேன்!"

பாத்தீங்களா? மொதல்ல எரிஞ்சு போச்சு, அப்புறம் உருகிப் போச்சு, கடைசியில கேட்டவ மேலயே பழி வந்துருச்சு.

ராக்கு அன்னிக்கு அந்தப் பக்கமே போகல. "நான் போகல ஆத்தா, சத்தியமாப் போகல"ன்னு அழுதா. போகலன்னு யாரு சாட்சி சொல்லுவா? மாப்பிள்ளை வீட்ல இருந்து ஒரு ஆளு வந்து, "ஏதோ கேள்விப்பட்டோமே"ன்னு இழுத்துட்டுப் போயிட்டான். காத்தாயிக்குச் சோறு எறங்கல. மக காதைப் பாக்கப் பாக்க வயிறு எரிஞ்சுச்சு. தீ வைக்காமலே எரிஞ்சுச்சு.

இப்படியே அடுத்த வெள்ளிக்கிழமை வந்துச்சு. அழுதுகிட்டே கெடந்ததுல அடுப்பு அணைஞ்சதக் கூட காத்தாயி கவனிக்கல. வெளக்கு வச்சாச்சு, பசிக்குது. ராக்கு ஒரு கொட்டாங்கச்சிய எடுத்துக்கிட்டு எதுத்த வீட்டுக்குப் போனா. அந்த வீட்டு அக்கா தங்கமான மனுசி, கேக்காமலே கொழம்பு குடுக்குறவ. அவ என்ன சொன்னா தெரியுமா? "ஏ பிள்ள, இன்னிக்கு வெள்ளிக்கிழமை, வெளக்கும் வச்சாச்சு. நெருப்பக் குடுத்தா வீட்டு மகாலச்சுமி கூடவே போயிருவாளே! சோறு தாரேன் தின்னு, நெருப்பு மட்டும் கேக்காத தாயி."

ராக்கு வெறுங்கொட்டாங்கச்சியோட திரும்பி வந்து நடந்ததச் சொன்னா. காத்தாயி கொட்டாங்கச்சியப் பாத்தா. மகளைப் பாத்தா. மறுபடியும் கொட்டாங்கச்சியப் பாத்தா. பெறகு சிரிக்க ஆரம்பிச்சவதான், நிறுத்தவே இல்ல.

"என்ன ஆத்தா, புத்தி பெசகிப் போச்சா?"

"இப்பத்தான்டி புத்தி வந்திருக்கு. அந்த அக்கா குடுக்குற சோத்த வாங்கித் தின்னுட்டுப் படு."

விடிஞ்சதும் விடியாததுமா ராசா கிட்டப் போயி நின்னா. அந்த ராசாவுக்குக் கொறிக்க ஏதாவது இருந்தாத்தான் காது கேக்கும். மடியில வறுத்த கடலைய வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா வாயில போட்டுக்கிட்டே வழக்குக் கேப்பான். பெரியநாச்சியக் கூப்பிட்டு விட்டான். அவ வந்து அதே கதைய ஒரு எழுத்து மாறாம ஒப்பிச்சா. வெள்ளிக்கிழமை, வெளக்கு வச்ச பெறகு, என் கையால, கொட்டாங்கச்சியிலன்னு எல்லாத்தையும் சொன்னா.

"நீ என்ன சொல்ற?"ன்னு காத்தாயியக் கேட்டான் ராசா.

"மதினி சொன்னது அம்புட்டும் நெசம்னே வச்சுக்குவோம் ராசா"ன்னா காத்தாயி.

பெரியநாச்சிக்கு வாயெல்லாம் பல்லு.

"அப்படின்னா எனக்குச் சேர வேண்டியத நீங்கதான் வாங்கித் தரணும். வெள்ளிக்கிழமை வெளக்கு வச்ச பெறகு நெருப்பக் குடுத்தா வீட்டு மகாலச்சுமி நெருப்போட போயிருவான்னு சின்னப்பிள்ளைக்குக் கூடத் தெரியும். இந்த மதினி தன் கையால அள்ளிக் குடுத்திருக்கு. அப்ப மகாலச்சுமி எங்க வீட்டுக்கு வந்துட்டா. வந்தவ வெறுங்கையோட வந்து நிக்கிறா, பாவம். அவளோட மாடு, அவளோட நெல்லு, அவளோட பண்டபாத்திரம் எல்லாம் இன்னும் மதினி வீட்லயே கெடக்கு. அதையும் அனுப்பி வச்சா அவளும் நிம்மதியா இருப்பா, நானும் நிம்மதியா இருப்பேன்."

ராசா வாய்க்குக் கொண்டுபோன கடலை அப்படியே நின்னு போச்சு. "அட ஆமா! எங்க ஆத்தா வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா ஊசி கூட வெளிய குடுக்க மாட்டாளே! நெருப்பையே குடுத்துட்டாளா இவ? நியாயந்தான். நடங்கடா!"ன்னு எந்திரிச்சுட்டான்.

ராசா முன்னால போறான், காவக்காரங்க பின்னால போறாங்க, ஊரே அதுக்குப் பின்னால போகுது. பெரியநாச்சி வீட்டுக்குப் போயி மொதல்ல மாட்ட அவுத்தாங்க. பெரியநாச்சி ஒதட்டக் கடிச்சுக்கிட்டு நின்னா. அப்புறம் குலுக்கையத் தொறந்து நெல்ல அள்ளுனாங்க. வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. அப்புறம் ஒருத்தன் உள்ள போயி புளிப்பானையத் தூக்கிட்டு வந்தான். அவ்வளவுதான், பாஞ்சு வந்து பானையக் கட்டிப் புடிச்சுக்கிட்டா.

"ஐயோ, நான் குடுக்கல! நெருப்பக் குடுப்பேனா நானு? வெள்ளிக்கிழமை என்ன, வேற எந்தக் கெழமையாவது குடுத்திருப்பேனா? இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து ஒருத்தருக்கும் ஒரு சிட்டிகை சாம்பல் கூடக் குடுத்ததில்ல, ஊரையே கேட்டுப் பாருங்க!"

"அது நெசம், அது நெசம்"னு ஊரே சொல்லுச்சு. பெரியநாச்சியப் பத்தி ஊரு நல்ல சாட்சி சொன்னது அன்னிக்கு ஒரு நாள்தான்.

"அப்ப ராக்கு வரல?"ன்னான் ராசா.

"வரல."

"தீய வச்சது?"

அவ பானைய இன்னும் இறுக்கிக் கட்டிக்கிட்டா. காவக்காரன் பானைய இழுத்தான், அவளும் இழுத்தா. பானை கீழ விழுந்து ஒடைஞ்சுச்சு. புளிக்குள்ள இருந்து தண்டட்டி உருண்டு வந்து காத்தாயி காலடியில நின்னுச்சு. புளியில கெடந்ததுல அழுக்கெல்லாம் போயி, புதுசா அடிச்ச மாதிரி பளபளன்னு இருந்துச்சாம்! காத்தாயி அதை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு, ராக்குவைக் கட்டிப் புடிச்சு ஓன்னு அழுதா. அது சந்தோச அழுகை.

ராசா தீர்ப்புச் சொன்னான். "மாடும் நெல்லும் ஒனக்கே இருக்கட்டும் பெரியநாச்சி. நாளையில இருந்து ஊர்ல யாரு அடுப்புக்கும் நெருப்பு ஒன் வீட்ல இருந்துதான் போகணும். விடியும் முன்னாடி எந்திரிச்சு அடுப்பப் பத்த வச்சு, வர்றவங்களுக்கெல்லாம் ஒன் கையாலயே அள்ளிக் குடு. மொகத்தச் சுளிச்சா அப்புறம் நான் வருவேன்."

பெறகென்ன, தெனமும் ஊருப் பொம்பளைக எல்லாம் கொட்டாங்கச்சியத் தூக்கிக்கிட்டு அவ வாசல்ல வரிசையா நின்னாக. "மதினி, எனக்கு", "சின்னாத்தா, எனக்கு", "அக்கா, இன்னும் ஒரு கங்கு போடு, கஞ்சத்தனம் பண்ணாத." மலை மாதிரி அடுக்கி வச்சிருந்த வறட்டியெல்லாம் ஆடிக்குள்ள தீந்து போச்சு. மொத வாரம் ஒவ்வொரு கங்கையும் எண்ணி எண்ணிக் குடுத்தாளாம். நாள் போகப் போக, யாராச்சும் வரலேன்னா "ஏன் இன்னிக்கு அவ வரல?"ன்னு தேட ஆரம்பிச்சுட்டாளாம்.

மாப்பிள்ளை வீட்டுக்கும் நெசம் தெரிஞ்சு போச்சு, சொன்னபடி அந்த வைகாசியிலயே ராக்குக்குக் கலியாணம் நடந்துச்சு. காது நெறைய தண்டட்டி ஆட, அவ தலையக் குனிஞ்சு தாலி வாங்கிக்கிட்டா. மாமியா வீட்டுக்குப் போகையில காத்தாயி மக காதைத் தடவிக் குடுத்துக்கிட்டே, "இதக் கழட்டி எங்கயும் வைக்காதடி. குலுக்கையில வச்சா உலக்கை இருக்கு, கெணத்துல வச்சா ஆடு இருக்கு, அடுத்தவ வீட்ல வச்சா அவ ஆசை இருக்கு. காதுலயே கெடக்கட்டும். தீப்புடிச்சா நீ ஓடு. நீ தப்பிச்சா அதுவும் தப்பிக்கும், நீ இல்லேன்னா எனக்கு அது எதுக்கு?"ன்னு சொல்லி அனுப்புனா.

தீ தின்னதுல சாம்பலாவது மிஞ்சும், பேராசை தின்னதுல ஒண்ணும் மிஞ்சாது. ஆச்சு, பெரியநாச்சி அடுப்புல நெருப்பு, ராக்கு காதுல தண்டட்டி, என் கண்ணுல தூக்கம். படுங்க போயி.